கூலண்ட்: குளிர்விப்பதா, ஆற்றுவதா?

வண்டி எஞ்சினின் சூட்டைத் தணிக்க அதற்குள் சுற்றும் நீர்மம் கூலண்ட். அந்தச் சொல்லில் 'கூல்' என்பது பழைய ஆங்கில வேர். செய்யும் பொருளைச் சுட்டும் 'அன்ட்' என்ற ஈறு லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. மசகைக் குறிக்கும் 'லூப்ரிகன்ட்' என்பதிலும் அதே ஈறுதான். தமிழில் கூலண்டைக் குளிரூட்டி என்றும் குளிர்விப்பான் என்றும் எழுதுகிறார்கள். குளிரூட்டி என்றால் பலருக்கு ஏசிதான் நினைவுக்கு வரும். குளிர்விப்பானும் முழுப் பொருத்தமில்லை. ஓடும் எஞ்சினில் இந்த நீர்மம் சுமார் 90 டிகிரி செல்சியஸில் சுற்றுகிறது, அதில் குளிர்ச்சி எங்கே? மிஞ்சிய சூட்டைத் தணிப்பதற்குத் தமிழில் தனி வினையே உண்டு: ஆற்றுதல். ரேடியேட்டர் வெப்பாற்றி, உள்ளே ஓடுவது வெப்பாற்று நீர்மம். சுருக்கி 'ஆற்றுநீர்' என்றால் ஆற்றில் ஓடும் தண்ணீராகிவிடும். அது வெறும் தண்ணீரும் அல்ல. எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி சேர்ந்த கலவை சுமார் -37 டிகிரி வரை உறையாது.

'லீக்' என்ற ஒரே சொல்லால் ஆங்கிலம் சொல்வதைத் தமிழ் கசிதல், சொட்டுதல், ஒழுகுதல் என்று பிரித்துச் சொல்லும். பழைய வண்டியில் ஓட்டையைத் தேடும்போது இந்தப் பிரிவு நல்ல துப்பு.

கசிவு நுண்ணிய இடுக்கில் ஊறி வரும் ஈரம். எஞ்சின் சூட்டில் உடனே உலர்ந்துவிடுவதால் தரையில் துளியே விழாது. வெள்ளை, பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பொருக்கு மட்டும் மிஞ்சும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் மடிப்பிலும், எஞ்சின் பிளாக்கின் துளைகளை அடைக்கும் உலோக மூடியான, உள்ளிருந்து துருவேறும் வெல்ஷ் பிளக்கின் ஓரத்திலும் பாருங்கள். முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூடலும் வண்டிக்குள் இனிப்பு வாடையும் இருந்தால், வண்டிக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோர் கசிகிறது.

சொட்டுக்கு இரவில் வண்டியின் அடியில் அட்டை விரித்து வையுங்கள். ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையமான ஹோஸ் கிளாம்ப் பலநேரம் குளிரில்தான் சொட்டும். ரப்பர் சுருங்கிப் பிடி தளர்கிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது. துளி விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம். நீர்மம் உலோகத்தின் வழியே இறங்கும், விசிறிக் காற்று அதைப் பின்னே தள்ளும். ஈரத்தின் உச்சிப் புள்ளியைத் தேடுங்கள். வாட்டர் பம்பின் அடியில் சிறு துளை உண்டு. உள் சீல் தேய்ந்தால் நீர்மம் பேரிங்கைக் கெடுக்காமல் வெளியேறுவதற்காகவே வைத்த வழி அது. அதை அடைக்கவே கூடாது. அங்கே சொட்டினால் பம்பை மாற்ற வேண்டும்.

ஒழுகலுக்குத் தேடல் தேவையில்லை. வெடித்த ஹோஸ் தானே காட்டிக் கொடுக்கும்; எஞ்சினை உடனே நிறுத்துங்கள்.

வெளியே ஈரமே இல்லாமல் அளவு குறைந்தால் உட்கசிவு. எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்பான ஹெட் கேஸ்கட் போனால் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை தொடரும், ரேடியேட்டரில் குமிழிகள் எழும், சில நேரம் எண்ணெய் பால் நிறமாகும். ஆனால் அந்தச் செலவுக்குப் போகுமுன் ரேடியேட்டர் மூடியைச் சோதியுங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் நீர்மம் உபரித் தொட்டிக்கு ஏறி அங்கிருந்து வழிந்துவிடும். ஓட்டை எங்கும் கிடைக்காது.

உறுதியான சோதனை அழுத்தச் சோதனை. எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் நீர்மம் கொதித்துச் சீறி மேலே தெறிக்கும். மூடியின் இடத்தில் அழுத்தமானியுள்ள கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுக்கு அழுத்தத்தை ஏற்றுங்கள். பல வண்டிகளில் அது 0.9 முதல் 1.1 பார், மிகப் பழையவற்றில் இன்னும் குறைவு. அந்த அளவைத் தாண்டினால் நல்ல இணைப்பும் பிளந்துவிடும். 15 நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். முள் இறங்கியும் ஈரம் தெரியாவிட்டால், ஒளிரும் சாயம் கலந்து சில நாள் ஓட்டியபின் புற ஊதா விளக்கில் பாருங்கள்.

சிந்தியதை உடனே துடைத்துக் கழுவிவிடுங்கள். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. நாயும் பூனையும் அதை நக்கிவிடும்.