95 டிகிரிலயும் சாகாத என்சைம்

பாக்டீரியான்னு சொன்னாலே கைய கழுவ ஓடுறவங்கதான் அதிகம். நான் மாலிக்யுலர் லேப்ல வேலை பாக்குறேன், ரிப்போர்ட் வாங்க வர்றவங்ககிட்ட "இந்த பிசிஆர் ரிப்போர்ட்டே ஒரு பாக்டீரியா புண்ணியத்துல வந்ததுதாங்க"ன்னு சொன்னா நம்பவே மாட்டேங்குறாங்க.

பிசிஆர்ங்கிறது கொஞ்சூண்டு டிஎன்ஏவ சுத்து சுத்தா நகல் எடுத்து பெருக்குற டெஸ்ட். அதுல டிஎன்ஏவோட ரெண்டு இழையும் பிரியணும்னா ஏறக்குறைய 95 டிகிரி வரைக்கும் சூடு பண்ணணும், அந்த சூட்டுல நகல் எடுக்குற சாதாரண என்சைம் வெந்த முட்டை மாதிரி ஆயிடும். ஆரம்பத்துல ஈகோலை பாக்டீரியாவோட என்சைமத்தான் போட்டாங்க, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் டியூப திறந்து புதுசா ஊத்தணும், 30 சுத்துன்னா 30 தடவை! இப்ப நாங்க மூடிய மூடி மெஷின்ல வச்சுட்டு அடுத்த வேலைய பாக்குறோம்னா அதுக்கு காரணம் டாக் பாலிமரேஸ்ங்கிற சூடு தாங்குற என்சைம். 1960கள்ல நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர் தாமஸ் பிராக்கும் அவரோட மாணவர் ஹட்சன் ஃப்ரீஸும் அமெரிக்காவோட யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுல கண்டுபிடிச்ச தெர்மஸ் அக்வாட்டிகஸ்ங்கிற பாக்டீரியாவோட சொத்து அது. 70 டிகிரிதான் அதுக்கு சுகமான சூடு. அவங்க மருந்து தேடியோ காசு தேடியோ போகல, இவ்ளோ சூட்டுல என்னதான் உயிர் வாழுதுன்னு பாக்கத்தான் போனாங்க.

லேப்ல புதுசா சேர்ந்த பொண்ணு ஒருத்தி கேட்டா, "95 டிகிரி தாங்குறத எதுக்கு மைனஸ் 20ல வைக்கிறீங்க மேடம்?" நல்ல கேள்வி. சூட தாங்குறது வேற, மாசக்கணக்கா கெடாம இருக்குறது வேற. அந்த குட்டி டியூப்ல பாதி கிளிசரால், அதனால ஃப்ரீசர்லயும் உறையாது, தேன் மாதிரி கொழகொழன்னு இருக்கும், அளந்து உறிஞ்சுற பிப்பெட்ல அவசரமா இழுத்தா அளவு தப்பும். இன்னொரு விஷயம், பிசிஆர் கிட்டுக்காக யாரும் இப்ப ஊற்றுல போய் அள்ளுறதில்ல, அந்த ஜீன ஈகோலைக்குள்ள வச்சு டேங்க்ல வளத்துதான் எடுக்குறாங்க.

உப்புல வாழ்றதுங்க இன்னும் ஆச்சரியம். ஹேலோமோனாஸ் எலாங்கேட்டான்னு ஒண்ணு, கடும் உப்புத்தண்ணில உடம்பு வத்திப்போகாம இருக்க எக்டோயின்ங்கிற பொருள உள்ள சேத்து வச்சுக்கும், திடீர்னு உப்ப குறைச்சா அத அப்படியே வெளிய தள்ளிடும், வடிச்சு எடுத்துட்டு திரும்ப உப்புல போடுவாங்க, மறுபடியும் சேக்கும். மாட்டுல பால் கறக்குற கதைதான், பேரே பாக்டீரியா கறவை! ஸ்கின் கிரீம், மூக்கு ஸ்ப்ரேலெல்லாம் எக்டோயின் இருக்கு. துணி பவுடர்ல சோப்போட காரத்தன்மைய தாங்குற என்சைம்களும் இந்த மாதிரி பாக்டீரியாக்கள்லருந்து வந்ததுதான்.

எனக்கு மனசு கேக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. அதே யெல்லோஸ்டோன்ல மார்னிங் குளோரின்னு ஒரு ஊற்று, நல்ல நீலமா இருந்தது. வந்தவங்க வேண்டிக்கிட்டு காசும் குப்பையும் வீசி வீசி சூடு வர்ற வாய் அடைச்சுக்கிச்சு, தண்ணி ஆறிப்போச்சு, இப்ப ஓரமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சும். பாக்க அழகாத்தான் இருக்கும், ஆனா அந்த நிறம் சூடு குறைஞ்சதால உள்ள பரவின வேற நுண்ணுயிர்களோடது. முன்னாடி அந்த கொதிப்புல இருந்ததுகிட்ட என்ன இருந்துச்சுன்னு இனி யாரு போய் பாக்குறது?