கண்புரை அறுவையின் விலை எப்படிக் குறைந்தது?

பழனி மலையின் மேல்மலைக் கிராமங்களான பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்களில் நாள் முழுதும் உழைப்பவர்களின் கண்களைச் சமவெளியைவிடக் கூடுதலான புறஊதாக் கதிர் தாக்குகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வீதம் அக்கதிர் கூடும். கொடைக்கானலோ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர் காற்றில் வெயிலின் கடுமை உடலுக்குத் தெரிவதில்லை. கண்புரைக்கு முதுமையே முதன்மைக் காரணம் என்றாலும், விழி லென்ஸின் புரதங்கள் சிதைந்து திரண்டு ஒளியை மறைப்பதில் இக்கதிருக்கும் பங்குண்டு.

மங்கிய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பதே இதற்குத் தீர்வு. போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் சில்லுகள் அங்கே தீங்கின்றித் தங்கியதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி, 1949ல் லண்டனில் அவ்வகைப் பிளாஸ்டிக்கால் முதல் லென்ஸைப் பொருத்தினார். ஆனால் பல்லாண்டுகளுக்குப் பின்னும் இறக்குமதி லென்ஸின் விலை நூறு டாலரை ஒட்டியே இருந்ததால், ஏழைகள் புரையை மட்டும் எடுத்துக்கொண்டு சோடாபுட்டிக் கண்ணாடியுடன் வீடு திரும்பினர். மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் சார்பில், 1992ல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் பிறந்தது. அது லென்ஸைச் சுமார் பத்து டாலருக்குக் கொடுத்தது. மூலப்பொருள் சிறிதளவே என்பதால், துல்லியமான எந்திரங்களின் செலவைப் பல லட்சம் லென்ஸ்கள் மீது பகிர்ந்தபோது விலை மேலும் இறங்கியது.

லென்ஸுக்கு அடுத்தபடியாக மிகுந்த செலவு பிடிப்பது அறுவை மருத்துவரின் நேரம். அரவிந்த் மருத்துவமனை பின்பற்றும் முறையின் உயிர்நாடி அந்த நேரத்தை வீணாக்காததில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். இரண்டு மேசைகள் அருகருகே இருக்கும். ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவரைப் பயிற்சி பெற்ற பெண்கள் ஆயத்தப்படுத்திவிடுவதால், மருத்துவர் நுண்நோக்கியைத் திருப்பிக்கொண்டு உடனே தொடர்கிறார். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களே இரண்டாண்டுப் பயிற்சியில் இப்பணிக்குத் தயாராகிறார்கள். இவ்வாறு ஒரு மருத்துவர் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவைகள் செய்ய முடிகிறது. கட்டிடம், கருவி, சம்பளம் ஆகியவை எத்தனை பேர் வந்தாலும் பெரிதாக மாறாத செலவுகள். எனவே தனியறையும், மடித்துச் சிறு துளை வழியே செலுத்தும் மடிப்பு லென்ஸும் கேட்டுப் பணம் கட்டுவோரின் வருவாய், அதே மருத்துவர்களிடம் இலவசமாகச் சிகிச்சை பெறுவோரையும் தாங்குகிறது.

இலவசம் என்பதும் முழு விடையன்று. தென்னிந்தியக் கிராமங்களில் நடந்து 1999ல் வெளியான ஆய்வொன்று, கண் நோயுள்ளவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்ததைக் காட்டியது. பஸ் கட்டணம், துணைக்கு வருபவரின் சாப்பாடு, இருவரும் இழக்கும் நாள்கூலி எல்லாம் சேர்ந்துதான் நோயாளிக்கு உண்மையான விலை. மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு வரவே 30 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் பயணிக்க வேண்டும்.

இந்த விலையைக் குறைக்கவே அரவிந்த் மருத்துவமனையினர் ஊர்ப்புறக் கண் பரிசோதனை மையங்களைத் தொடங்கினார்கள். மலையடிவாரத்துத் தேனியில், அலைகளை ஒரே திசையில் குவித்து அனுப்பும் திசை ஆன்டெனாக்களைக் கொண்டு, வீட்டில் பயன்படும் வைஃபையையே பல கிலோமீட்டர் தொலைவுக்கு நீட்டினார்கள். மையத்திலுள்ள பணியாளர் கண்ணைப் பரிசோதித்ததும், மருத்துவர் தேனியிலிருந்தபடியே நோயாளியுடன் காணொளியில் பேசுகிறார். அறுவை வேண்டியவர் மட்டும் பயணப்பட்டால் போதும். ஆயினும் அத்தகைய மையம் ஒன்று ஏறத்தாழ 50,000 பேர் வாழும் வட்டாரத்தைக் கணக்கில் கொண்டே அமைகிறது. மேல்மலையில் மக்கள் சிதறி வாழ்வதால், கட்டண வருவாயை மட்டும் நம்பி அங்கே ஒரு மையத்தை நடத்துவது கடினம். குறித்த நாளில் ஊர்தோறும் வரும் பரிசோதனை வண்டிக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.