பரணில் இருந்து இறக்கிய கம்ப்யூட்டருக்கு உடனே சுவிட்சைப் போடாதீர்கள்

போன வருடம் ஐப்பசி மழை நேரத்தில், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, கம்ப்யூட்டர்ல புகை வருது. ஆனா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. என்ன பண்றது?"

"முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க சார். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

அவரிடம் இருந்தது பிபிசி மைக்ரோ. 1981 டிசம்பரில் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் வெளியிட்டது. நினைவகம் மொத்தமே 32 கேபி. பள்ளிகளில் கணினி சொல்லிக்கொடுக்க 1984-ல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்துக்கு வந்ததும் இந்த மெஷின்தான். எண்பதுகளில் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்த பலருக்கு முதல் கம்ப்யூட்டரே இதுவாகத்தான் இருக்கும். வாத்தியார் வேலை பார்த்த பள்ளியில் பழைய சாமான்களைக் கழித்தபோது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பரணில் போட்டு வைத்திருக்கிறார். பேரன் கேட்டான் என்று இறக்கித் துடைத்து, பழைய டிவியில் மாட்டி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். அந்த மெஷின் உயிர் வரும்போது இரண்டு ஓசை கொடுக்கும். முதலில் தாழ்ந்த குரலில் ஒரு 'பூ', உடனே உச்சத்தில் ஒரு 'பீப்'. அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது என்றார். கால் மணி நேரத்தில் புகை வந்து இன்னொரு முறை கலங்க வைத்தது.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். பவர் சப்ளைக்குள் கரண்ட் நுழைகிற இடத்திலேயே, மேலே மஞ்சள் கண்ணாடி மாதிரி மேலுறை போட்ட சின்னக் கண்டென்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) உண்டு. வெளியில் இருந்து வரும், வெளியே போகும் மின் இரைச்சலை வடிகட்டுவதற்காக வைப்பது. உள்ளே இருப்பது உலோகம் பூசிய காகிதம். பத்து இருபது வருடத்தில் மேலுறையில் மயிரிழை விரிசல் விழும். விரிசல் வழியாக ஈரக்காற்று போய்க் காகிதத்தில் உட்கார்ந்துகொள்ளும். சென்னைக் காற்றின் ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 230 வோல்ட் அதன் மேல் ஏறியதும் காகிதம் சூடாகி, ஊதி, வெடித்து, வீடு முழுக்கப் புகையடிக்கும். வாத்தியார் வீட்டில் நடந்தது இதுதான். அது வடிகட்டி மட்டும் என்பதால், அது செத்த பிறகும் மெஷின் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. செய்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முப்பத்தைந்து வருடம் கழித்து ஒருவர் சுவிட்ச் போடுவார் என்று யார் கணக்குப் போட்டிருப்பார்கள்?

அதே அளவுக்கு, 'எக்ஸ்2' (மெயின் கரண்ட்டுக்கு ஏற்றது என்ற குறி) என்று முத்திரை போட்ட பிளாஸ்டிக் பிலிம் கண்டென்சர் சென்னை ரிச்சி தெருவில் ஒரு டீ, ஒரு வடை விலைக்குக் கிடைக்கும். மாற்றியாகிவிட்டது. ஆனால் அந்த நாற்றம் வாத்தியார் வீட்டுத் திரைச்சீலையில் ஒரு மாதம் இருந்ததாக அவர் வீட்டு அம்மா சொன்னார்கள்.

டிவி ரிப்பேரில் தொடங்கி, இப்போது பழைய கம்ப்யூட்டர், வீடியோ கேம் சேர்ப்பவர்களின் சாமான்களைப் பார்க்கும் நிலைக்கு வந்திருக்கிறேன். என் மேஜைக்கு வரும் மெஷின்களில் பாதிக்கு மேல், கெட்டுப் போய்க் கிடந்தவை அல்ல. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்ததை, ஓடுகிறதா என்று பார்க்கிற ஆசையில் கெடுத்தவை. அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் கதையைக் கேளுங்கள்.

எனக்கு முதன்முதலில் கிடைத்த பழைய கம்ப்யூட்டர் கமடோர் 64. 1982-ல் வந்தது. சிங்கப்பூரில் இருந்து யாரோ யாருக்கோ வாங்கி வந்து, கை மாறி மாறி என்னிடம் வந்தது. கூடவே அதன் பவர் சப்ளை, செங்கல் மாதிரி கனமான கறுப்புப் பெட்டி. மாட்டினேன், போட்டேன். நீலத் திரை, 38911 பைட் காலி என்ற வரி, கீழே மினுக்கும் கர்சர். பத்து நிமிஷம் சின்னப் பையன் மாதிரி விளையாடினேன். அடுத்த வாரம் நண்பனுக்குக் காட்டலாம் என்று மறுபடி போட்டால் கறுப்புத் திரை மட்டும். நினைவக ஐசிகளில் விரல் வைத்தேன். இரண்டு தோசைக்கல் மாதிரி கொதித்தன.

அந்தச் செங்கல் இரண்டு வகை கரண்ட் கொடுக்கும்: 9 வோல்ட் ஏசி, 5 வோல்ட் டிசி. 5 வோல்ட்டை அளந்து கொடுப்பது ஒரு ரெகுலேட்டர். உள்ளே முழுவதும் எபாக்ஸி ஊற்றி அடைத்திருப்பதால் சூடு வெளியே போக வழியில்லை. வருடக்கணக்கில் வெந்து வெந்து ஒருநாள் ரெகுலேட்டர் கை விரிக்கும்போது, கரண்ட்டை நிறுத்தாது, மேலே ஏற்றிவிடும். 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காத ஐசிகளுக்கு அதைவிட அதிகம் போனால் என்ன ஆகும்? மீட்டர் வைத்துப் பார்த்தால் சரியாகத்தானே காட்டியது என்று பலர் சொல்வார்கள். எனக்கும் காட்டியது. லோடு இல்லாமல், குளிர்ந்து இருக்கும்போது சரியாகத்தான் காட்டும். இன்றைக்குச் சரி என்பதால் நாளைக்கும் சரியென்று அர்த்தமில்லை. அந்தச் செங்கல் இப்போது என் கடைக் கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது. அதற்கு நல்ல கனம்.

இப்போது யார் கமடோர் கொண்டு வந்தாலும் முதலில் கேட்பது, புது பவர் சப்ளை வாங்கினீர்களா என்றுதான். பழையதுதான் வேண்டும் என்றால், வோல்ட்டேஜ் ஏறினால் தானே துண்டித்துவிடும் சின்ன சர்க்யூட் ஒன்றை நடுவில் மாட்டித் தருகிறேன்.

சரி, பரணில் இருந்து இறக்கியதை என்ன செய்வது? திறந்து பாருங்கள், அவ்வளவுதான். ஸ்க்ரூ டிரைவர், டார்ச், மூக்கு, மூன்றும் போதும். உப்பிய கண்டென்சர், விரிசல் விட்ட மேலுறை, போர்டில் பச்சை பூத்த இடம், எலிப் புழுக்கை, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். மெயின் கரண்ட்டில் நேரடியாக ஓடும் சாமானாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்து, சீரிஸ் பல்பு வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் பாதையில் ஒரு 100 வாட் குண்டு பல்பு. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மெஷின் தப்பிக்கும். தாத்தா காலத்து வித்தைதான், இதை மிஞ்ச இன்னும் ஆள் வரவில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளைப் பெட்டியில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் 325 வோல்ட் தங்கியிருக்கலாம். பழக்கமில்லாதவர்கள் அந்தத் தகரப் பெட்டியைத் திறக்க வேண்டாம்.

அடாப்டர் இன்னொரு தலைவலி. பின் நுழைகிறது என்பதால் கரண்ட் பொருந்துகிறது என்று நினைத்துவிடுகிறோம். 1983-ல் ஜப்பானில் வந்த நிண்டெண்டோவின் கேம் மெஷின் ஃபாமிகாமுக்கு 10 வோல்ட் டிசி, அதிலும் பின்னின் நடுப்பகுதி நெகட்டிவ். அமெரிக்காவுக்குப் போன அதன் தம்பி என்இஎஸ்ஸின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி. பார்க்க ஒரே மாதிரி பின். ஏசி அடாப்டரை ஃபாமிகாமிலோ செகாவின் கேம் மெஷினான மெகா டிரைவிலோ மாட்டினால் கதை முடிந்தது. 1982-ல் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கும் நடு நெகட்டிவ்தான். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் அநேகமாக நடு பாசிட்டிவ். அப்புறம் ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்குச் செய்தது, அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கு. நம் வீட்டுச் சுவரில் நேராகச் சொருகினால் டிரான்ஸ்பார்மர் வேர்க்கடலை மாதிரி வறுபடும். உறவுக்காரர் வெளிநாட்டில் இருந்து கொண்டு வந்த கேம் ஒரே நாளில் செத்தது என்று வரும் கேஸ்களில் பெரும்பாலானவை இதுதான்.

நம் ஊரில் 'டிவி கேம்' என்று விற்றவை அநேகமாக இந்த ஃபாமிகாமின் நகல்கள். 9999 கேம் என்று போட்ட மஞ்சள் கேசட்டில் எண்ணிப் பார்த்தால் இருபதைத் தாண்டாது, அது வேறு விஷயம். அந்தக் கேசட் ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதி மாட்டுவோம் அல்லவா? ஊதும் காற்றில் ஈரம் இருக்கிறது. கேசட்டின் செம்புப் பற்கள் மெல்ல அரித்துப் போகும். ஊதினால் ஓடியது என்பது, கழற்றி மாட்டியதால் ஓடியது. ஐபிஏ (ஐசோபுரொபைல் ஆல்கஹால்) திரவத்தில் நனைத்த காது பஞ்சால் பற்களைத் துடையுங்கள், கறுப்பாக வரும். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் வேண்டாம், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

எனக்கு அதிகம் வயிற்றெரிச்சல் கொடுப்பது பேட்டரிதான். புகை வந்தால் ஓடிப் போய் அணைப்போம். பேட்டரி சத்தமில்லாமல் தின்னும். கமடோரின் அமிகா 500, 1987-ல் வந்தது; இன்றைக்கும் சேர்ப்பவர்கள் உயிரை விடும் மெஷின். அதன் அடியில் உள்ள மூடியைத் திறந்து மாட்டும் நினைவக அட்டையில், கடிகாரம் ஓடுவதற்காக பீப்பாய் வடிவில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். 1991-ல் வந்த 500 பிளஸ்ஸில் அதை மெயின் போர்டிலேயே வைத்துவிட்டார்கள். ஒழுகினால் போர்டே போகும்.

சில மாதம் முன்பு ஒரு தம்பி 500 பிளஸ் ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். "அண்ணே, ஓடுது, கீபோர்டுல நாலஞ்சு கீ மட்டும் வேலை செய்யல" என்றார். திறந்தேன். பேட்டரியைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குப் பாசி பிடித்த மாதிரி பச்சை. ஒழுகியது காரம், செம்புக் கோடுகளை நூல் நூலாகத் தின்று, பக்கத்து ஐசி சாக்கெட்டின் கால்கள் வரைக்கும் போயிருந்தது. பேட்டரியை வெட்டி எடுத்தேன். காரத்தை முறிக்க வெள்ளை வினிகரைத் தொட்டுத் தொட்டுப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தேன். சின்னதாக நுரைத்தது. அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் ஐபிஏ, ஒரு நாள் காய வைத்தேன். பச்சை வார்னிஷைச் சுரண்டியபோது, செம்பு இருந்த இடத்தில் கறுப்புப் பொடி. மயிர் கனத்துக் கம்பியால் பதினொரு கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சால்டர் வைத்தேன். நான்கு நாள் வேலை. வாங்கிய அன்றைக்கே பேட்டரியை வெட்டியிருந்தால் நான்கு நிமிஷம். கடிகாரம் மட்டும் ஓடாது. அதை யார் பார்க்கப் போகிறார்கள்?

2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸிலும் இதே கதை, பேட்டரிக்குப் பதில் கடிகாரக் கண்டென்சர். கடைசியாக வந்த 1.6 பதிப்பு தவிர மற்றவற்றில் எடுத்துவிடுவது நல்லது. கேம் பாய் கேசட்டில் இருக்கும் நாணய பேட்டரி ஒழுகுவது அபூர்வம், ஆனால் தீர்ந்தால் நீங்கள் சேமித்த ஆட்டம் போய்விடும். மாற்றும்போது, சால்டர் வைக்க உலோகக் காது ஒட்டிய பேட்டரியாக வாங்குங்கள். வெறும் நாணய பேட்டரி மேல் நேராகச் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள். சூட்டில் அது வெடிக்கும்.

கண்டென்சர் ஒழுகலுக்கு ஒரு மணம் உண்டு. 1990-ல் வந்த செகா கேம் கியர் கையடக்கப் பெட்டியைத் திறந்து அயர்னை வைத்தால் கருவாட்டு வாசம் அடிக்கும். திரை மங்கல், சத்தம் இல்லை என்று வரும் கேம் கியர் எதுவானாலும் முதலில் கண்டென்சர்களைத்தான் மாற்றுவேன். மாற்றாத கேம் கியர் நன்றாக ஓடுகிறது என்று யாராவது விற்றால், நான் சந்தேகப்படுவேன்.

டேப், பிளாப்பி வைத்திருப்பவர்கள் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். ஒரு பிளாப்பியின் பூஞ்சை, டிரைவின் படிக்கும் தலையில் ஒட்டிக்கொண்டு அடுத்து போடும் பத்து நல்லதையும் கீறும். மஞ்சளாகிப் போன பிளாஸ்டிக் உடம்பை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் பழக்கம் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. கவனம் தப்பினால் திட்டுத் திட்டாக வெளுக்கும், கையிலும் கண்ணிலும் பட்டால் எரிக்கும், கொஞ்ச நாளில் மஞ்சள் திரும்பி வரவும் செய்யும். வயதான முகத்துக்குப் பவுடர் எதற்கு?

பழைய கேமுக்கு பழைய டிவிதான் அழகு என்பது உண்மை. துப்பாக்கி வைத்துச் சுடும் கேம்கள் பிக்சர் டியூப் இல்லாமல் வேலையே செய்யாது. ஆனால் அந்த டிவியின் பின் மூடியைக் கழற்ற வேண்டாம். கலர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும். அணைத்த பிறகும் கண்ணாடியே கண்டென்சராக அதைப் பிடித்து வைத்திருக்கும். இருபது வருடம் டிவி ரிப்பேர் பார்த்த நானே இரண்டு முறை தூக்கி எறியப்பட்டிருக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று போட்டு விற்கிறார்கள் அல்லவா, அநேகமாக அது 'சோதித்தோம், ஓடவில்லை' என்பதன் மரியாதையான வடிவம். ஓடாது என்றே எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள். உள்ளே போர்டின் போட்டோ கேளுங்கள். ஓடாத மெஷினை வாங்குவதும் தப்பில்லை, ஓடாத விலைக்கு வாங்கினால்.

செத்த போர்டை எடைக்குப் போடும்போதுதான் எனக்கு மனசு பதறும். கமடோரின் சத்தம் போடும் ஐசியான 'சிட்' இப்போது யாரும் செய்வதில்லை. அதற்காகவே எழுத்தை அழித்துப் புதிதாக அச்சடித்த போலிகள் உலவுகின்றன. நான் கொன்ற அந்த முதல் கமடோரின் போர்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நினைவக ஐசிகள் போனாலும் சிட் பிழைத்திருந்தது. அதைக் கழற்றி, போன தீபாவளிக்கு முன்னால், கோயம்புத்தூரில் இருந்து வந்த ஊமை மெஷின் ஒன்றில் மாட்டினேன். வாய் திறந்து பாடிவிட்டது.