பாடநூல் போனிலும் இலவசம்தான்

இலங்கையில் தரம் 1 முதல் 11 வரை பிள்ளைகளுக்கு அரசு பாடநூல்களை இலவசமாகக் கொடுக்கிறது. 1980இல் தொடங்கிய திட்டம் என்பதால் இது எல்லோருக்கும் தெரியும். அதே நூல்களைத் தமிழிலேயே போனில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதுதான் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல பெற்றோருக்குத் தெரியவில்லை. புத்தகம் தொலைந்துவிட்டால் கடையில் பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுத்து போட்டோ கொப்பி எடுக்கிறார்கள். அந்தச் செலவு தேவையே இல்லை.

நூல்களை வெளியிடுவது பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி வெளியீட்டுத் திணைக்களம். அதன் இணையத்தளத்தில் மொழி, தரம், பாடம் என்று தெரிவு செய்தால் பிடிஎஃப் கிடைக்கும். பெரிய நூல்கள் டேட்டாவை விழுங்கிவிடும். வைஃபை உள்ள இடத்தில் ஒருமுறை இறக்கி வையுங்கள். அப்புறம் இணையமே வேண்டாம், புளூடூத்தில் அண்ணனின் போனிலிருந்து தங்கையின் போனுக்கும் அனுப்பலாம்.

பயிற்சிக்கு, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருக்கின்றன. உயர்தரத்துக்கு, அதாவது தரம் 12, 13க்கு, இலவசப் பாடநூல் கிடையாது. உயர்தரப் பிள்ளைகள் மகரகமை தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் வளநூல்களைத் தேடலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இந்த இலவசம் நூலுக்குத்தான், போனுக்கோ டேப்புக்கோ அல்ல. அம்மாவின் போன் இரவில்தான் பிள்ளையின் கைக்கு வரும் என்றால், அந்த நேரத்தை எதற்குச் செலவிடுவது? வாசிக்க மட்டுமில்லை, எழுதப் பழகவும் செலவிடலாம் என்பேன்.

கூகுளின் விசைப்பலகையில் தமிழ் (இலங்கை) என்று தெரிவு செய்து மைக்கைத் தொட்டால், பேசுவதை அது எழுத்தாக்கும். 2017இலேயே வந்த வசதி. கட்டுரை என்றதும் பேனாவைப் பிடித்துக்கொண்டு விறைத்துப்போகும் பிள்ளை, "எங்கட வீதியில மழை பெய்தா என்ன நடக்கும், சொல்லு" என்றால் மளமளவென்று சொல்லிவிடும். சொன்னது திரையில் வந்ததும் உட்கார்ந்து திருத்த வேண்டும். முற்றுப்புள்ளி இருக்காது, பந்தி பிரிந்திருக்காது, பிள்ளை "பள்ளம்" என்று சொன்னது வேறு சொல்லாக விழுந்திருக்கும். ல, ள, ழ எங்கே பிசகியது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு திருத்தாதீர்கள். உண்மையான படிப்பு அந்த இடத்தில்தான் நடக்கிறது. திருத்தியதைக் கட்டாயம் கொப்பியில் கையால் எழுதவையுங்கள். சாதாரண தரப் பரீட்சை கையால் எழுதுவது, மண்டபத்துக்குள் போனுக்கு இடமில்லை. எழுத்துக் கூட்டப் பழகும் சின்ன வகுப்புப் பிள்ளைக்கு இந்த மைக் வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பை வட்ஸ்அப்பில் அனுப்பினால், போனில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறித்தான் தெரியும். பிள்ளை போன் பழுது என்று நினைத்துவிடும். யூனிகோட்டில் அடித்து அனுப்புங்கள், முடியாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பெற்றோரும் தயங்காமல் இதைக் கேட்கலாம்.