சொட்டு மருந்தை மறுப்பது மார்க்கமா, அரசியலா?

குழந்தைகள் நல மருத்துவரிடம் தடுப்பூசி பற்றி வரும் கேள்விகளில் முக்கால்வாசி காய்ச்சலையும் வீக்கத்தையும் பற்றித்தான் இருக்கும். நான் வேலை பார்ப்பது முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் வாழும் கடலோர ஊர் என்பதால், எப்போதாவது "இது மார்க்கத்துல கூடுமா டாக்டர்?" என்ற கேள்வியும் வரும். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். எனக்கு எரிச்சல் வருவது வேறொரு கேள்வியில். அது படித்தவர்களிடமிருந்து வருகிறது, சில நேரம் சக மருத்துவர்களிடமிருந்தே வருகிறது. "காட்டு வகை போலியோ இன்னும் ஒழியாத நாடுகள் பாகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும்தானே? அந்த மதம் மருந்தை விடாது சார்" என்பார்கள். (காட்டு வகை என்பது இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸ்.)

மதம்தான் காரணம் என்றால் ஈரானிலும் துருக்கியிலும் மொராக்கோவிலும் சவூதியிலும் போலியோ எப்படி ஒழிந்தது? எகிப்து 2006இலேயே போலியோ நிலைகொண்ட நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. பங்களாதேஷில் 1980களின் நடுவில் எல்லாத் தடுப்பூசிகளும் போட்ட குழந்தைகள் நூற்றுக்கு இரண்டு பேர் தேறினால் அதிகம். இன்று எண்பதுக்கு மேல். வீடு வீடாக நடந்து அதைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் முஸ்லிம் பெண்களே. காஸாவைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு போலியோவால் கால் விழுந்தது. 25 ஆண்டுகளில் அங்கே அதுதான் முதல் முறை. அடுத்த மாதமே, குண்டு விழுவது சில மணி நேரம் நின்ற இடைவெளிகளில், ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு முதல் தவணை சொட்டு மருந்து கொடுத்து முடித்தார்கள். அங்கே தாய்மார்கள் மருந்துக்காக வரிசையில் நின்றார்கள். "இது ஹராமா", அதாவது மார்க்கத்தில் விலக்கப்பட்டதா, என்ற பேச்சே எழவில்லை.

உண்மையாகவே மத நம்பிக்கையால் தடுப்பூசியை மறுத்து போலியோவை வாங்கிக்கொண்ட ஊர் வேண்டுமென்றால் நெதர்லாந்துக்குப் போக வேண்டும். நோயும் நலமும் இறைவன் சித்தம், அதில் மனிதன் முந்திக்கொண்டு கை வைக்கக் கூடாது என்று நம்பும் புராட்டஸ்டன்ட் சமூகத்தில் 1992-93இல் 71 பேருக்குப் போலியோ வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள். அதை வைத்து யாரும் கிறிஸ்தவம் மருந்தை விடாது என்று பேசுவதில்லை.

சரி, அப்படியானால் மறுப்பு எங்கிருந்து வருகிறது? நைஜீரியாவின் வட பகுதியில் உள்ள கானோ மாநிலத்தில் 2003இல் நடந்ததைச் சொன்னால் விளங்கும். சொட்டு மருந்தில் கருத்தரிப்பைக் கெடுக்கும் ஹார்மோன் கலந்திருக்கிறது, முஸ்லிம்களின் எண்ணிக்கையைக் குறைக்க மேற்கத்தியர்கள் செய்யும் சதி என்று அங்கே பேச்சு கிளம்பியது. அதை முன்னின்று சொன்னவர் நைஜீரிய ஷரீஅத் உச்ச சபையின் தலைவர் தத்தி அகமது. அவர் ஒரு மருத்துவர் என்பதைக் கவனியுங்கள். மாநில அரசே முகாமை நிறுத்தியது.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால் பாதிக் கதை போய்விடும். இதே கானோவில் 1996இல் மூளையுறைக் காய்ச்சல் பரவியபோது ஃபைசர் நிறுவனம் சுமார் 200 குழந்தைகளை வைத்து ட்ரோவான் என்ற புதிய மருந்தைச் சோதித்தது. அதில் பாதிப் பேருக்குப் புதிய மருந்து, மீதிப் பேருக்கு வழக்கமான மருந்து. இரண்டு பிரிவிலுமாக 11 குழந்தைகள் இறந்தன. இது சோதனை என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. ஆனால் 2009இல் கானோ அரசுடன் ஏழரைக் கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் வெள்ளைக்கார நாட்டு மருந்து என்று சொல்லிக்கொண்டு சொட்டு மருந்துக் குழு கதவைத் தட்டியது. கூடவே, 2003 தேர்தலில் தெற்கத்தியரும் கிறிஸ்தவருமான ஒபசாஞ்சோ, வடக்கத்திய முஸ்லிமான புஹாரியைத் தோற்கடித்திருந்தார். ஈராக் போரும் அதே ஆண்டுதான். மத்திய அரசு அனுப்பும் எதன் மீதும் வடக்கில் சந்தேகம் இருந்தது. சொட்டு மருந்து அதில் மாட்டிக்கொண்டது.

அது தீர்ந்த விதமும் அரசியல்தான். இந்தோனேசியா என்ற முஸ்லிம் நாட்டின் பயோஃபார்மா நிறுவனத்திடமிருந்து மருந்து வாங்குவது என்று முடிவானது. 2004 ஜூலையில் கானோ ஆளுநர் ஷெகராவ் எல்லோர் முன்பும் தன் குழந்தைக்கே மருந்து கொடுக்க வைத்தார். அதற்குள் வைரஸ் பல நாடுகளுக்குப் பரவி, 2005இல் இந்தோனேசியாவுக்கே போய்ச் சேர்ந்து அங்கே சுமார் 300 குழந்தைகளை முடக்கியது. மருந்து கொடுத்த நாட்டுக்கு நோய் போன கொடுமையை என்னவென்று சொல்வது. பின்னால் நைஜீரிய முஸ்லிம்களின் தலைவரான சொக்கோட்டோ சுல்தானும், ஊர்களின் பாரம்பரியத் தலைவர்களான எமிர்களும் முகாம்களைத் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். ஆப்பிரிக்காவில் காட்டு வகை போலியோ இல்லை என்று 2020 ஆகஸ்டில் சான்றிதழ் வந்தது.

பாகிஸ்தான் கதை இதைவிடக் கசப்பானது. அங்கே 1994இல் சொட்டு மருந்து இயக்கத்தைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் பேநசீர் பூட்டோ. முதல் சொட்டு அவர் மகள் ஆசிஃபாவுக்கு. அதே ஆண்டு தொடங்கிய பெண் சுகாதாரப் பணியாளர் திட்டம்தான், ஆண்கள் நுழைய முடியாத வீடுகளின் உள்முற்றம் வரை மருந்தைக் கொண்டுபோனது. அதற்கப்புறம் 2011. ஒசாமா பின்லாடன் அப்போத்தாபாத்தில் ஒளிந்திருக்கிறாரா என்று உறுதி செய்ய, சி.ஐ.ஏ. ஒரு உள்ளூர் மருத்துவரை வைத்துத் தடுப்பூசி முகாம் நடத்தியது. அந்த வீட்டுக் குழந்தைகளின் மரபணு மாதிரியை எடுப்பதுதான் திட்டம். அது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, போலியோவே அல்ல. ஆனால் செய்தி வெளியான பிறகு யார் அந்த வித்தியாசத்தைப் பார்க்கப் போகிறார்கள்? "தடுப்பூசிக்காரன் உளவாளி" என்று தாலிபான்கள் அதுவரை சொல்லிக்கொண்டிருந்ததற்கு அமெரிக்கா ஆதாரம் கொடுத்துவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில் வடக்கு வஜீரிஸ்தானில் தாலிபான் தளபதி ஹாஃபிஸ் குல் பகதூர் சொட்டு மருந்துக்குத் தடை போட்டார். ட்ரோன் தாக்குதல் நிற்கும் வரை மருந்து கிடையாது என்பது நிபந்தனை. இதில் மார்க்கம் எங்கே இருக்கிறது? குழந்தைகளைப் பணயம் வைத்துப் பேசிய பேரம் அது. 2012 டிசம்பரில் கராச்சியிலும் பெஷாவர் பக்கத்திலும் சொட்டு மருந்துப் பணியாளர்களைச் சுட்டுக் கொன்றார்கள், இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2014இல் பாகிஸ்தானில் 306 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது. அந்த ஆண்டுதான், இனி தடுப்பூசி முகாம்களை உளவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை எழுதிக் கொடுத்தது.

மதத் தலைவர்கள் எல்லோரும் எதிர்த்தார்கள் என்பதும் உண்மையில்லை. 'தாலிபான்களின் தந்தை' என்று அழைக்கப்பட்ட மௌலானா சமியுல் ஹக்கே 2013 டிசம்பரில் சொட்டு மருந்துக்கு ஆதரவாக ஃபத்வா கொடுத்தார். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அதைக் கேட்கவில்லை. ஆப்கானிஸ்தானிலும் இதே கதைதான். வீடு வீடாக வருகிறவர்கள் குண்டு போட இடம் குறித்துக் கொடுக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் 2018இல் தாலிபான்கள் தங்கள் பகுதிகளில் வீட்டுக்கு வரும் முகாமைத் தடுத்தார்கள். ஆட்சிக்கு வந்த பின் 2021 நவம்பரில் நாடு முழுக்க முகாமை அனுமதித்தார்கள், 2022இல் அங்கே இரண்டு குழந்தைகள்தான் பாதிக்கப்பட்டன. 2024இல் மறுபடி வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அங்கே 25, பாகிஸ்தானில் 74. இத்தனை ஆண்டுகளில் குர்ஆனோ ஹதீஸோ மாறவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்களின் கணக்குகள்தான் மாறின.

பொது மக்களின் மறுப்பு இதிலிருந்து வேறு. பாகிஸ்தானில் சில ஊர்களில் "மின்சாரம் கொடு, ரோடு போடு, அப்புறம் சொட்டு மருந்து" என்று ஊரே சேர்ந்து மறுக்கிறது. குடிக்கத் தண்ணீர் தராத அரசு, காய்ச்சலுக்கு மாத்திரை தராத அரசு, இந்த இரண்டு சொட்டுக்காக மட்டும் ஏன் மாதாமாதம் வாசலுக்கு வந்து சுவரில் சாக்பீஸால் குறி போட்டுப் போகிறது? கானோவில் கேட்டதும் இதைத்தான், நம் உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் பக்கம் கேட்டதும் இதைத்தான். அங்கே நெருக்கடி நிலைக் காலக் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாட்டின் நினைவும் சேர்ந்துகொண்டது. 1976இல் முசாஃபர்நகரில் அதை எதிர்த்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் பிறகு சொட்டு மருந்து வந்தது. "இது ஆண்மையைப் போக்கும்" என்ற வதந்தி ஏன் நிலைத்தது என்று புரிகிறதா?

உத்தரப் பிரதேசத்தில் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் யுனிசெஃபோடு சேர்ந்து இறங்கின. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், அந்தந்தத் தெருப் பெண்களே வீட்டுக்கு வீடு போய்ப் பேசினார்கள். சொட்டு மருந்தோடு கைகழுவுதல், வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், துத்தநாக மாத்திரை என்று மற்றவையும் வந்தன. நம்பிக்கை மட்டுமே வேலை செய்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஓயாத வயிற்றுப்போக்கால் அங்கே மருந்து சரியாக ஏறவில்லை, போலியோ வைரஸின் இரண்டு வகைகளை ஒருசேரத் தடுக்கும், 2010இல் வந்த இருவகைச் சொட்டு மருந்து அதைச் சரிசெய்தது. 2009இல் உலகிலேயே அதிகமாக 741 போலியோ நோயாளிகள் இருந்த இந்தியாவில், கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை.

இப்போது மார்க்கத்தில் கூடுமா என்ற கேள்வி. சில தடுப்பூசிகளின் தயாரிப்பில், செல்களை வளர்க்கும் கட்டத்தில், பன்றியிலிருந்து எடுத்த டிரிப்சின் என்ற நொதி பயன்படுகிறது. சிலவற்றில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். இதை மறைக்கக் கூடாது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். பொருள் முழுக்க உருமாறிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்று மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் சிலர் சொல்கிறார்கள். உயிரைக் காக்கும் நிர்ப்பந்தத்தில் கூடும் என்று மற்றவர்கள். இரண்டு வழியிலும் பதில் "போடலாம்" என்றே வருகிறது. ஆனால் அதைச் சொல்லும் விதம் முக்கியம். 2018 ஆகஸ்டில் இந்தோனேசிய உலமா சபை, புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டின் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியில் பன்றிப் பொருள் பயன்பட்டிருப்பதால் அது ஹராம், வேறு வழியில்லாததால் இப்போதைக்கு அனுமதி என்று ஃபத்வா கொடுத்தது. மக்கள் காதில் விழுந்தது 'ஹராம்' என்பது மட்டும். ஆச்சே மாகாணத்தில் அந்த முகாமில் பத்தில் ஒரு பங்குக் குழந்தைகள்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அவநம்பிக்கை ஒரு ஊசியோடு நிற்கவில்லை. 2022 நவம்பரில் அதே ஆச்சேயில் போலியோ திரும்பி வந்தது. சொட்டு மருந்தில் உள்ள பலவீனமான வைரஸ், தடுப்பு மருந்து எடுக்காதவர்களிடையே நீண்ட காலம் சுற்றினால் மறுபடி வீரியம் பெற்றுவிடும். ஆச்சேயில் வந்தது அந்த வகை. அதைத் தடுக்கவும் வழி, எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுப்பதுதான்.

எங்கள் ஊரில் நான் சொல்லும் பதில் சுருக்கமானது. ஹஜ்ஜுக்குப் போகும் பெரியவர்களுக்குப் பயணத்துக்கு முன் போலியோ சொட்டு மருந்து கொடுக்கிறோம். எழுபது வயது வாப்பா குழந்தை மாதிரி வாயைத் திறப்பார், பேரன்கள் சிரிப்பார்கள். அதைக் கேட்பது சவூதி அரசு. மக்காவுக்குப் போகத் தேவைப்படுகிற மருந்து பேரனுக்கு எப்படிக் கூடாமல் போகும்? இதற்குப் பிறகும் தயக்கம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேளுங்கள், வேண்டுமானால் நானும் கூட வருகிறேன் என்பேன்.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்ததும், பயந்த பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கியதும் நினைவிருக்கும். எல்லா மதத்தாரும் பயந்தார்கள். அதனால்தான் சக மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒன்று சொல்வேன். 2020 தொடக்கத்தில் குடியுரிமைச் சட்டப் போராட்டங்கள் நடந்த சமயம், வட மாநிலங்களில் வீடு தேடி வந்த சுகாதாரக் கணக்கெடுப்பாளர்களையே மக்கள் சந்தேகப்பட்டுத் தகவல் தர மறுத்தார்கள். சொட்டு மருந்து கொடுக்கப் போகும்போது சொட்டு மருந்து மட்டும் கொடுங்கள். குழந்தையின் வயதைக் கேளுங்கள், விரலில் மை வையுங்கள். ஆதார் இருக்கிறதா, வீட்டில் எத்தனை பேர், அப்பா எந்த ஊர் என்ற கேள்விகளை அந்த வாசலில் கேட்காதீர்கள். வேறு துறைக்காரர் யாராவது "நீங்கள்தான் போகிறீர்களே, இந்தப் படிவத்தையும் நிரப்பி வாங்கி வாருங்கள்" என்று கொடுத்தால், வாங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.