கண்ணில் பூவா, புரையா?

குடியாத்தம் பக்கம் பிள்ளையின் கண்ணில் வெள்ளையாக எது தெரிந்தாலும் ‘பூ விழுந்துடுச்சு’ என்பார்கள். என் அக்கா மகனுக்கு எட்டு வயதில் கிட்டிப்புள் கண்ணில் பட்டது. ரத்தம் வரவில்லை. மூன்றாம் நாள் கண் பாப்பாவின் நடுவில் கஞ்சித் துளி போல வெள்ளை. “பூதான், நந்தியாவட்டைச் சாறு விடு” என்றார் பாட்டி. ஒரு வாரம் போய்விட்டது. பிறகுதான் வேலூருக்குப் பஸ் ஏறி, ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டில் எழுதியது: ‘ட்ராமாட்டிக் கேட்டராக்ட்’, அதாவது அடிபட்டு வந்த கண்புரை.

பூ வேறு, புரை வேறு. பூ என்பது கருவிழியில் புண் ஆறி நிற்கும் தழும்பு. புரை அதற்கும் உள்ளே, பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் லென்ஸில் வருவது. லென்ஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கு மசூர் பருப்பு என்று பொருள். வடிவத்தால் வந்த பெயர். கற்பூர வில்லை, சந்தன வில்லை என்று புழங்கும் நமக்கு ‘வில்லை’ அதைவிட இயல்பாகவே பொருந்துகிறது. அடிபட்டு வில்லையின் உறை கிழிந்தால் கண்ணுக்குள் இருக்கும் நீர் உள்ளே புகும். வில்லை ஊறி, சில நேரம் சில மணி நேரத்திலேயே வெளுத்துவிடும். உறை கிழியாத அடியிலும் இதழ் இதழாகப் புரை விரிவதுண்டு. பிடித்திருக்கும் இழைகள் அறுந்தால் வில்லையே இடம் நழுவும்.

கேட்டராக்ட் கிரேக்க வழிச் சொல். அருவி என்று பொருள். கண்ணுக்குள் நீர் இறங்கி உறைவதாக அரபு மருத்துவர்கள் நம்பினார்கள். 11-ம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குப் போனபோது இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. கலங்குவது வில்லைதான் என்று பிரான்சின் பிரிசோ 1705-ல் பிணத்தின் கண்ணை அறுத்துக் காட்டினார். பெயர் மட்டும் அருவியாகவே நின்றுவிட்டது. நம் ‘புரை’க்கு அந்தத் தவறு இல்லை. புரை என்றால் குற்றம், மாசு. ‘புரைதீர்ந்த நன்மை’ என்ற குறளிலும் அந்தப் பொருள்தான். தெளிவாக இருந்ததில் மாசு விழுந்தது என்பது எவ்வளவு சரியான பெயர்! ட்ராமாட்டிக் கேட்டராக்டுக்குக் ‘காயப்புரை’ போதும்.

‘காம்ப்ளிகேட்டட் கேட்டராக்ட்’ என்பதைச் ‘சிக்கலான கண்புரை’ என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது. கண்ணில் முன்பே இருந்த வேறொரு நோயால் வரும் புரை அது. ‘பின்விளைவுப் புரை’ என்பதே சரி. பெரும்பாலும் அழற்சிதான் காரணம்; அழல் என்றால் நெருப்பு. மூட்டுவாத நோயுள்ள பிள்ளைகளுக்குக் கண் சிவக்காமலே, வலிக்காமலே உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கும். அதை அடக்கப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் நாள்பட்டால் புரை தரும். ஆகவே முழங்கால் வீங்கிய பிள்ளைக்குக் கண்ணையும் காட்டியாக வேண்டும்.

அடியே படாத பிள்ளையின் பாப்பாவில் வெள்ளை தெரிந்தால் அது விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அதையும் எங்கள் ஊரில் பூ என்றுதான் சொல்கிறார்கள்.