வேலி வேறு, மறைப்பு வேறு

காங்கயம் பக்கம் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்கும் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்கு, வீட்டுக் கொல்லையிலும் இதையே வைத்தால் என்ன என்று தோன்றும். போத்தை வெட்டி ஊன்றினால் வேர்விடும், முள் இருப்பதால் ஆடு மாடு நுழையாது. ஆனால் கோடையில் இலையைக் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கும். ஆட்டைத் தடுக்க முள் போதும். பக்கத்து வீட்டுப் பார்வையைத் தடுக்க இலை வேண்டும், அதுவும் பன்னிரண்டு மாதமும் வேண்டும்.

செடி வாங்கும் முன் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். அடுத்த வீட்டு முதல் மாடி ஜன்னலில் நிற்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 15 அடி உயரத்தில் இருக்கும். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரின் தலை 4 அடி. இடைவெளி 20 அடி என்று வையுங்கள். நாற்காலியிலிருந்து 15 அடி தள்ளி, காம்பவுண்டு சுவரோரம் நட்டால் செடி 12 அடிக்கு மேல் வளர்ந்தால்தான் மறைக்கும். 6 அடி தள்ளி நட்டால் ஏழரை அடியே போதும். சுவரோரம்தான் நட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

ஏழெட்டு அடிக்கு நந்தியாவட்டைதான் முதல் தேர்வு. ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், அரை நிழலையும் தாங்கும். செம்பருத்தி அதைவிட வேகமாக வளரும். ஆனால் மாவுப்பூச்சிக்கு அது விருந்து. 2008-ல் கோவையில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் செம்பருத்தியை விடுவதில்லை. மருதாணி வெட்ட வெட்டத் துளிர்க்கும், தண்ணீர் குறைந்தால் இலை கொட்டும். பொன்னரளியின் கொட்டை கொடிய விஷம், குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு ஆகாது. 12 அடி வேண்டுமென்றால் நெட்டிலிங்கத்தை 4 அடிக்கு ஒன்றாக நடலாம். கோனோகார்பஸ் மட்டும் வேண்டாம்; குழாய்களுக்குள் வேர் புகுந்துவிடும். 2023-ல் குஜராத் அரசு அதற்குத் தடையே விதித்தது.

எதை நட்டாலும் கடைசியில் வரும் புகார் ஒன்றுதான்: மேலே புதர், கீழே வெறும் கால். இது செடியின் குணம். நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கி, கணுக்களில் உள்ள பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. இலை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும் பங்கையும் வளரும் நுனியே இழுத்துக்கொள்கிறது. நுனியைக் கிள்ளியதும் சர்க்கரை பக்க மொட்டுகளுக்குத் திரும்புகிறது, ஆக்சினின் பிடியும் தளர்கிறது. நந்தியாவட்டையில் இலைகள் எதிரெதிராக இருப்பதால், ஒரு கணு விழித்தால் இரண்டு கிளை.

கவனிக்க வேண்டியது, பெரும்பாலும் வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு மூன்று கணுக்கள்தான் விழிக்கும். எங்கே வெட்டுகிறோமோ அங்கேதான் அடர்த்தி. ஏழு அடி வளரட்டும், பிறகு வெட்டலாம் என்று காத்திருந்தால் ஏழாவது அடியில்தான் புதர் கிடைக்கும். நட்ட ஒரு மாதத்தில் புதுத் துளிர் தெரிந்ததும், மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஓர் அடி உயரத்தில் வெட்டிவிட வேண்டும். அதன்பின் அரை அடி வளரும்போதெல்லாம் அதில் பாதியைக் கத்தரிக்க வேண்டும்.

வெட்டும் வடிவமும் முக்கியம். அடி அகலம் 3 அடி என்றால் உச்சி 2 அடிதான் இருக்க வேண்டும். உச்சி அகன்றால் கீழ் இலைக்கு வெளிச்சம் போகாது; தயாரிப்பதைவிட அதிகம் செலவழிக்கும் இலையைச் செடி உதிர்த்துவிடும்.

நடுவதற்கு ஐப்பசி மழைக்குச் சற்று முன் நல்ல நேரம். சுவரிலிருந்து இரண்டரை அடி தள்ளி, ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள வாய்க்காலாக வெட்டி, மண் இரண்டு பங்குக்கு மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, 2 அடிக்கு ஒரு செடி வையுங்கள். சுவரோர மண்ணில் சிமெண்ட், சுண்ணாம்புத் துணுக்குகள் புதைந்திருக்கும்; பொறுக்கி எறியுங்கள். அவை மண்ணைக் காரமாக்கினால், இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இட்லிப்பூச் செடியில் இது பளிச்சென்று தெரியும்: நரம்பு பச்சையாக இருக்க, இளம் இலை மட்டும் மஞ்சளாகும்.

நர்சரியில் ஐந்தடி ஒற்றைத் தண்டுச் செடியைக் காட்டினால் மயங்காதீர்கள். அதன் கால் ஏற்கெனவே மொட்டை, பைக்குள் வேரும் சுருண்டிருக்கலாம். ஓர் அடியில் கிளைத்த செடி விலையும் குறைவு. சீக்கிரம் வளரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போட்டாலும் கெடுதல்தான். நீண்டு மெலிந்த இளந்தண்டு மாவுப்பூச்சியை அழைக்கும்.

ஏற்கெனவே கால் மொட்டையான நந்தியாவட்டையையும் செம்பருத்தியையும் காப்பாற்றலாம். மழை தொடங்கும்போது ஓர் அடிக்கு வெட்டிவிட்டால் கட்டையிலிருந்து துளிர்க்கும். மறுபடி உயரும்வரை பச்சை வலை கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.